டிராஃப் சாக்கு

இன்னஸ் ஐந்தே காலுக்கு எழுந்தான். ஐந்தரைக்கு அடிக்க வேண்டிய அலாரத்தை அடிக்கும் முன்பே நிறுத்தினான். கெட்டிலைப் போட்டான். ஓட்ஸ் கஞ்சி கிண்டி, உப்புப் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றான். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தான். கதவுக்குப் பின்னால் தொங்கிய நீல மேலங்கியை மாட்டினான். ஜிப் பாதியில் சிக்கியது, இழுத்துவிட்டான். ரப்பர் பூட்ஸ். டார்ச். கொட்டகையில் மாடுகளை எண்ணினான். எழுபத்திரண்டு. ஒன்று இருமியது. அதன் காதுப் பட்டையிலிருந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். டிராக்டர் இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. டிரெய்லரின் பின்கதவுக் கொண்டியை இருமுறை இழுத்துப் பார்த்தான். மணி ஆறு பத்து.

செவ்வாயும் வெள்ளியும் இப்படித்தான். ஆறரைக்கு விஸ்கி வடிசாலையில் அவன் முறை.

கைபேசியில் கல்தச்சர் மர்டோவின் செய்தி நேற்று மாலையே வந்திருந்தது. கல் தயார். பேரும் தேதியும் வெட்டியாயிற்று. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். வெள்ளி மதியத்துக்குள் வரியைச் சொல்லிவிடு, அதற்குமேல் என்னால் பிடித்துவைக்க முடியாது.

வரி ஊருக்கே தெரியும். மர்டோவுக்கும் தெரியும். ஆனாலும் இறந்தவளின் கணவன் வாயால் கேட்காமல் உளியை வைப்பது மர்டோவுக்கு வழக்கமில்லை.

பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, முன்னறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் மோர்வென் இறந்தாள். முப்பத்தோரு வயது. கணையத்தில் வந்த புற்று ஏழு மாதத்தில் கதையை முடித்தது. எட்டரை மணிக்கு அவளுடைய அம்மா இஷ்பெல் வந்து, மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு கட்டிலுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்த்து, கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். இன்னஸ் வாயைத் திறந்தான். "அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பயமா இல்லைன்னு சொன்னா."

எங்கிருந்து அந்த வாக்கியம் வந்தது என்று அவனுக்கே தெரியாது. மோர்வென் அதைச் சொல்லவில்லை. அவளுக்குப் பயம் இருந்தது. இருந்ததை அவள் மறைத்ததுமில்லை.

இஷ்பெல் அதைக் கேட்டு ஒருமுறை தலையசைத்தாள். அன்று முதல் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு இன்னஸ் கையில், கால்மாட்டுக் கயிறு இஷ்பெல் கையில். கயிறு நழுவ நழுவ அவள் உதடு அதையே முணுமுணுத்ததை அவன் பார்த்தான். தபால் நிலையத்தில், கடையில், பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் அவன் தோளைத் தட்டி அதையே சொன்னார்கள். என்ன ஒரு பெண், பயமில்லை என்றாளாமே.

வாயால் சொன்னது காற்றோடு போகும். கிரானைட்டில் வெட்டினது போகாது. இன்று மதியத்துக்குள் அவன் ஒன்று பேச வேண்டும், இல்லையென்றால் அவளுடைய தலைமாட்டில் அவளுடையது அல்லாத பேச்சு நானூறு வருஷம் நிற்கும். பேசினால் இஷ்பெலிடம் மிச்சமிருப்பதும் போய்விடும்.

டிராக்டர் பாலத்தைத் தாண்டியதும் வாசனை வந்தது. பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பையெல்லாம் இறக்கிக்கொண்ட பிறகு மிஞ்சுகிற சக்கையின் வாசனை. விஸ்கி வடிசாலைக்கு, சக்கை மாட்டுக்கு. அந்தச் சக்கைக்குத்தான் இங்கே டிராஃப் என்று பெயர். மனிதனுக்குப் பிறகு மாடு, மாட்டுக்குப் பிறகு பன்றி என்று அது இறங்கிப்போகிற வழியில் ஊர்க்காரர்கள் ஐந்நூறு வருஷமாகப் பழமொழிகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

டிராஃப் காத்திருக்காது. அது எழுதாத சட்டம். உயரத்தில் நிற்கும் இரும்புத் தொட்டி காலியானால்தான் அடுத்த மாஷை, அதாவது வெந்நீரில் ஊறிய அடுத்த பார்லியை, இறக்க முடியும். தொட்டி நிரம்பி நின்றால் உள்ளே மொத்த வேலையும் நிற்கும். முறை தவறிய விவசாயியின் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும், மேலே ஏறிவர வருஷங்கள் ஆகும். இன்னஸின் அப்பா தன் கல்யாணத்தன்று காலையில்கூட ஒரு லோடு ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத்தான் குளித்தார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததே கிடையாது.

தொட்டிக்குக் கீழே வாட்டி நின்றிருந்தார். லீவரை இழுத்து டிராஃபை இறக்குகிறவர். அறுபது வயது, தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"என்ன பையா, மூஞ்சி மழையில நனைஞ்ச சாணி மாதிரி இருக்கு," என்றார். "தூங்கினியா இல்லையா?"

தூங்கினேன் என்றான்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும். உனக்கு அது இல்ல."

லீவரை இழுத்தார். டிராஃப் சதசதவென்று விழுந்தது. ஆவி எழும்பி இருவரையும் மறைத்தது. ஆவிக்குள்ளிருந்தே வாட்டி பேசினார். கல் இன்று வெட்டப்போகிறார்களாமே, மர்டோ மதுக்கடையில் சொன்னான் என்றார். நல்ல வரிதான், குறையொன்றும் சொல்ல முடியாது, ஆனால் தனக்கு ஒன்று தோன்றுகிறது என்று இழுத்தார். அந்த வரியைக் கேட்டால் பாதிரியாரின் குரல்தான் காதில் விழுகிறதாம். மோர்வெனின் குரல் விழவில்லையாம்.

"அவளோட பன்னிப் பழமொழி ஒண்ணை வெட்டினா என்னடா? கல்லறைக்கு வர்றவன் ஒருத்தனாவது சிரிப்பான்ல."

இன்னஸ் கொண்டியைப் போட்டுவிட்டு டிராக்டரில் ஏறினான். ஆனால் அது மனதில் ஒட்டிக்கொண்டது. பொய்யென்று சொல்லாமலே பொய்யைக் கல்லிலிருந்து விலக்க ஒரு வழி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே உருட்டினான்.

மோர்வென் இதே வடிசாலையில் பார்வையாளர்களைச் சுற்றிக்காட்டுகிற வேலையில் இருந்தாள். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பழைய ஸ்காட்ஸ் சொற்களைப் படித்தவள். படித்ததற்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எல்லா வழிகாட்டிகளும் செம்புக் கலங்களுக்கு முன்னால் நின்று பெருமை பேசுவார்கள். அவள் கூட்டத்தைக் கொல்லைப்புறத்துக்கு, டிராஃப் தொட்டிக்குக் கீழே கூட்டிவருவாள். விஸ்கிக்கு விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள், டிராஃபுக்கு நான் இருக்கிறேன் என்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், விவசாயக் கல்லூரி முடித்த புதிதில், இன்னஸ் லோடு ஏற்றியபின் உடனே கிளம்பாமல் அங்கே இருந்த கடைக்குள் புகுந்து பாட்டில்களைப் பார்ப்பதுபோல நிற்க ஆரம்பித்தான். மூன்றாவது வாரம், பதின்மூன்று ஜெர்மானியர்களுக்கு முன்னால் அவள் அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இந்த ஊர்ல ஒரு பழமொழி இருக்கு. டிராஃப் கேட்டு வந்தானாம், குடிக்கத்தான் வந்தானாம். வெளியில ஒண்ணு சொல்லிக்கிட்டு உள்ள ஒண்ணு வெச்சிருக்கறவனைச் சொல்றது. பழமொழியோட உயிருள்ள உதாரணம் இதோ நிக்குது, மேலங்கியில சாணியோட."

பதின்மூன்று பேரும் படம் எடுத்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. நான் குடிப்பதில்லை என்றான். தெரியும் என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு பழமொழிகள் வீட்டுக்குள் வந்தன. ஒரு கூட்டத்தில் அவன் வாயே திறக்காமல் இருந்துவிட்டு மேஜையிலிருந்த கேக்கை முக்கால்வாசி தின்றிருந்தால், சத்தம் போடாத பன்னிதான் டிராஃபை முழுசாகத் தின்னும் என்று காதில் சொல்வாள். மலைமேல் பார்லி போடலாம், காட்டெருமை வளர்க்கலாம் என்று அவன் திட்டம் போட்டால், தலையில் பார்ம் பொங்குகிறது என்பாள். பார்ம் என்றால் பீர் நொதிக்கும்போது மேலே திரள்கிற நுரை. பொங்கும், மணக்கும், ஊதினால் ஒன்றும் இருக்காது. கிரீஸுக்குப் போன இரண்டாவது வாரம், கடலைப் பார்த்து அலுத்துப்போய் அவன் வானிலை அறிக்கையில் சொந்த ஊர் மழையைத் தேடிக்கொண்டிருந்தபோது, பன்றியின் வயிறு நிறைய நிறைய டிராஃப் புளிக்கும் என்றாள்.

படுத்த படுக்கையான பிறகும் அதே பழமொழியைச் சொன்னாள். அக்கம்பக்கத்தார் சூப் கொண்டுவந்து குவித்தார்கள். ஃப்ரிட்ஜில் இடமில்லை. அவளால் இரண்டு கரண்டிக்கு மேல் முடியவில்லை. "பன்னி நிறைஞ்சுடுச்சுன்னு அவங்ககிட்ட மரியாதையா எப்படிச் சொல்றது?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்ததும் டிராஃபைத் தொட்டிகளில் பிரித்துப் போட்டான். எழுபத்திரண்டு தலைகளும் குனிந்தன. குளித்து, சட்டை மாற்றி, பதினோரு மணிக்கு இஷ்பெல் வீட்டுக்குப் போனான்.

இஷ்பெல் பள்ளிச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கதவருகே நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பாள். சமையலறை மேஜையில் தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி, பழைய கவர் ஒன்று. கவரின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எனக்குப் பயமில்லை. அதற்குக் கீழே இன்னொருமுறை, எழுத்துகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விட்டு. கல்லில் எப்படி வரும் என்று பார்த்திருக்கிறாள்.

"மேல எழுதினது நெருக்கமா இருக்கு. கீழ இருக்கறது பரவாயில்ல. நீ என்ன சொல்ற?"

கீழே இருப்பது நன்றாக இருக்கிறது என்றான். பிறகு, வாட்டி ஒன்று சொன்னார் என்று ஆரம்பித்தான். மோர்வென் என்றால் எல்லோருக்கும் அந்தப் பழமொழிகள்தானே ஞாபகம், அதில் ஒன்றை வெட்டினால் என்ன என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் ஏதோ விற்க வந்தவன் குரல்போல இருப்பதை உணர்ந்தான்.

இஷ்பெல் கண்ணாடியைக் கழற்றினாள். "எந்தப் பழமொழி?"

அவன் இரண்டைச் சொன்னான்.

"என் பொண்ணு தலைமாட்டுல பன்னியா?"

"அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், இஷ்பெல்."

"வந்திருக்கும். ஆனா அங்க போய் நிக்கப்போறது நான். மழையில, காலு வலிக்க, ஒவ்வொரு ஞாயிறும். எனக்கு அங்க பன்னி வேணாம்." கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு சரியாக வராமல் மூக்கை உறிஞ்சினாள். "அந்த வாட்டிக்கு என்ன தெரியும். அவன் அம்மா கல்லுல பேரையே தப்பா வெட்டவெச்சவன்."

தேநீரை ஊற்றினாள். அவன் கோப்பையில் கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை. வெளியே கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தபடியே பேசினாள். பழமொழி என்றால் தனக்கும் ஒன்று தெரியும், மோர்வென் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே அது இந்த வீட்டில் இருந்தது என்றாள். பழைய பாதிரியார்கள் சொல்வது. எவ்வளவு நல்லவனானாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு டிராஃப் சாக்கை இழுத்துக்கொண்டுதான் கடவுளிடம் போகிறான். ஈரச் சாக்கு. கனக்கும், ஒழுகும், நாறும். இறக்கிவைக்க முடியாது. அவனவன் குறை அவனவன் சாக்கில்.

"என் சாக்குல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

அவன் கோப்பையைக் கையில் எடுத்தான்.

"இந்தக் கோழிங்க." விரலால் ஜன்னலைக் காட்டினாள். "மூணு நாளா அவ கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் நீதான் போய்த் தூங்குங்கன்னு சொன்ன. போயிருக்கக் கூடாது. நரி வரும், கூட்டை மூடலன்னு ஒரு நினைப்பு. போனேன். காலையில எழுந்து தீனி வெச்சு, தண்ணி மாத்தி, முட்டையெல்லாம் எடுத்தேன். ஆறு முட்டை. ஏழாவது எங்கன்னு தேடினேன், இன்னஸ். வைக்கோல்ல கையை விட்டு ஏழாவது முட்டையைத் தேடிக்கிட்டிருந்த நேரத்துல என் பொண்ணு போயிருக்கா."

"டாக்டர் இன்னும் பத்து நாள்னு சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருக்கணும். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும்." கவரை அவன் பக்கம் நகர்த்தினாள். "அதனாலதான் இந்த வரி. நான் இல்ல. ஆனா என்னை நினைச்சிருக்கா, பயமில்லன்னு சொல்லி அனுப்பியிருக்கா. சாக்கு கனக்கறப்ப இதை நினைச்சுக்குவேன். உனக்கு அந்தக் கனம் கிடையாது. நீ கூட இருந்த. கையைப் பிடிச்சுக்கிட்டிருந்த. எனக்குத் தெரிஞ்சு சாக்கில்லாத ஒரே ஆள் நீதான். சில நாள் உன்மேல பொறாமையா இருக்கு. அதுவும் என் சாக்குலதான் சேரும்."

இன்னஸ் கோப்பையைக் கீழே வைத்தான். தட்டில் படாமல் மேஜையில் வைத்தான். அதைச் சரியாகத் தட்டில் எடுத்து வைத்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதினொரு மாதமாக மூடித்தான் வைத்திருக்கிறான். ஆனால் இவ்வளவு நாளும் அவள் வரியைத்தான் சுமக்கிறாள் என்று நினைத்திருந்தான். தனியாக ஒரு குற்றத்தைச் சுமக்கிறாள், அதுவும் அவன் பக்கத்தில் நின்று, அவனை நல்லவன் என்று நம்பிச் சுமக்கிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது.

"நான் கூட இல்ல," என்றான்.

இஷ்பெல் நிமிர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை. ஆறரைக்கு என் முறை. போயிட்டேன்."

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, ரசீது படிக்கிறவனைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். ஆறு மணிக்கு மருந்து பம்ப்பைப் பார்த்தான், சரியாக ஓடியது. அவள் விழித்திருந்தாள். நர்ஸ் ஒன்பதுக்கு வருவாள் என்று தெரியும். வடிசாலை பத்து நிமிட தூரம், போய் ஏற்றி வர நாற்பது நிமிடம். ஏழு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான். பக்கத்துப் பண்ணைக்காரனைப் போகச் சொல்லியிருக்கலாம். வாட்டிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம், அவர் எப்படியாவது சமாளித்திருப்பார். தோன்றவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆறரைக்குப் போக வேண்டும் என்பது தவிர எதுவுமே தோன்றவில்லை. அவள் செத்துக்கொண்டிருந்தாள், அவன் மாட்டுத் தீனிக்குப் போனான்.

"எப்ப திரும்பின?"

"எட்டாக அஞ்சு நிமிஷம்."

"நாப்பது நிமிஷம்னு சொன்ன."

"அந்த வாரம் வடிசாலையில பம்ப் பழுது. மாஷ் தாமதமா ஓடிட்டிருந்தது. நான் போனப்ப தொட்டியில பாதிதான் இருந்தது. வாட்டி சொன்னார், இருக்கறதை எடுத்துட்டுப் போறியா, இல்ல அடுத்தது இறங்கற வரைக்கும் இருக்கியான்னு. இருக்கேன்னு சொன்னேன்." நிறுத்தினான். "ஐம்பது நிமிஷம். கேபின்ல உட்கார்ந்திருந்தேன். ரேடியோ கேட்டேன். மாட்டுச் சந்தை நிலவரம். திரும்பி வந்தப்ப அவ கை ஒண்ணு கட்டிலுக்கு வெளிய தொங்கிட்டிருந்தது. தண்ணிக் கிளாஸ் தரையில கிடந்தது. எடுத்தாளா, தட்டிவிட்டாளா, தெரியாது. துடைச்சேன். மேலங்கியைக் கழற்றினேன். கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். நீங்க வந்தீங்க."

இஷ்பெல் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் பழைய அடுப்புச் சூடுகளின் தழும்புகள்.

"ஆவி பறந்துட்டிருந்தது," என்றாள் கடைசியில். "முற்றத்துல. உன் டிரெய்லர்ல இருந்து. உள்ள வரும்போதே பார்த்தேன். டிராஃப்ல எவ்வளவு நேரம் ஆவி நிக்கும்னு எனக்குத் தெரியாதா? இந்த ஊர்லதான் பிறந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான்.

"பார்த்தேன். அப்புறம் நீ அந்த வரியைச் சொன்ன. அதுக்கப்புறம் ஆவியை நான் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கிட்டேன்." குரல் உடைந்தது. உடைந்ததைச் சரிசெய்ய அவள் முயலவில்லை. "அவ சொல்லல, இல்ல?"

"இல்ல."

"நீயா சொன்னது."

"நானா சொன்னது."

அவள் எழுந்து வந்து தன்னை அறைவாள் என்று நினைத்தான். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் எழுந்தாள். கவரை எடுத்தாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். சுவரிலிருந்த போனை எடுத்து மர்டோவின் எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள். அவன்பக்கம் முதுகைக் காட்டி நின்றுதான் பேசினாள்.

"மர்டோ, இஷ்பெல். வரி வேணாம். ஆமா. பேரும் தேதியும் போதும். இல்ல, வேற எதுவும் இல்ல. அந்த இடத்தை அப்படியே விட்டுடு." மர்டோ என்னமோ கேட்டார். "இன்னஸும் அதைத்தான் சொல்றான். பக்கத்துலதான் இருக்கான்."

போனை வைத்தபின்பும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. முதுகு குலுங்கியது. இன்னஸ் எழுந்து பாதி தூரம் போய் நின்றான். அதற்குமேல் போக உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஒரு கோழி கதவு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பதினொரு மாதத்தில் அவன் அழுததில்லை. இப்போதும் அழுகை வரவில்லை. காது அடைத்ததுபோல இருந்தது. இஷ்பெல் திரும்பினாள். முகத்தை ஏப்ரனால் துடைத்தாள். அவனைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் அவளிடம் அன்று பலமில்லை. நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே இல்லாமல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தோள் தோளில் இடித்தது.

"நீ கிளம்பறப்ப விழிச்சிருந்தா, இல்ல?"

"ஆமா."

"போறேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"போகாதேன்னு சொன்னாளா?"

"இல்ல."

"அப்ப என்ன சொன்னா? அழகா ஆக்காதே, இன்னஸ். அவ சொன்னதை மட்டும் சொல்லு."

அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்ததும் இல்லை. அன்று காலை கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றிருந்தான். ஒரு காலில் பூட்ஸ் போட்டிருந்தான், மற்றொன்று கையில். முன்னறை விளக்கு அணைந்திருந்தது. வடிசாலையில் பம்ப் பழுதானதும், தொட்டியில் பாதிதான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளோடு வேலை பார்த்தவர்கள் அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது, கடைக்குக் கிளம்புகிறவனிடம் சொல்வதுபோல.

"பாதி போதும், இன்னஸ். மிச்சத்துக்கு நிக்காம வந்துடு."